எதிர் நாற்காலி

சித்ராதேவியைச் சொந்தக்காரர்கள் பிடிவாதக்காரி என்பார்கள். பெரும்பாலும் அது சரி. மகள் யாழினி ஆறாம் வகுப்பு படிக்கும்போது, தெருமுனையில் ஸ்கூல் வேனின் ஹாரன் கேட்டாலே வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். விடை வரும்வரை அவளைக் கரும்பலகை முன்னால் நிற்க வைத்து, மொத்த வகுப்பையும் கைகட்டிக் காத்திருக்கச் சொன்ன கணக்கு டீச்சரைப் பற்றித் தெரிந்த வாரமே சித்ராதேவி டி.சி. வாங்கிவிட்டாள். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில், அவர்களுடைய மாடி வீட்டுச் சாப்பாட்டு மேஜை பள்ளிக்கூடம் ஆனது.

கணவர் லக்ஷ்மணனுக்கு இதில் சம்மதமில்லை. அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். பழுது பார்த்த பெட்டியை வேறொருவர் சோதித்துச் சொன்னால்தான் வெளியே விடுவார்கள் என்ற ஒழுங்குக்குப் பழகியவர். அதே ஒழுங்கை வீட்டிலும் வைத்தார். வயதுப்படி ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருஷம் யாழினியை வெளியாள் ஒருவர் சோதிக்க வேண்டும். அல்ஜீப்ரா தொடங்க அவள் தயார் என்றால் வீட்டிலேயே படிக்கட்டும். இல்லையென்றால் ஜூனில் பள்ளிக்கூடம். சித்ராதேவி ஒத்துக்கொண்டாள். அந்த வருஷம் இப்போது வந்துவிட்டது.

மேஜைமேல் இரண்டு புத்தகங்கள் இருந்தன. வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் குழுவில் பழக்கமான பஸீலா கொடுத்தவை. ஒன்று பிரீ-அல்ஜீப்ரா: மைனஸ் எண்கள், பின்னம், விகிதம், கடைசியில் கொஞ்சம் எக்ஸ். அதை முடித்தாகிவிட்டது, பக்கத்துக்குப் பக்கம் டிக். இன்னொன்று அல்ஜீப்ரா. யாழினி அதைத் திறக்கவில்லை. பழைய புத்தகத்தையே இன்னும் கொஞ்ச நாள் போடலாமே என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். சித்ராதேவி அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகப் போட்ட பெண் எதற்காகத் திரும்பிப் போக வேண்டும்?

சோதிக்க வரப்போவது லக்ஷ்மணனின் அக்கா பானு. உறையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பி மகள் பள்ளிக்குப் போகாததைக் குடும்பத்துக்கு வந்த அவமானமாகவே நினைத்தவர். தன் பள்ளியிலேயே ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பானு வந்தார். காபியைக் குடித்து முடித்ததும், வழக்கமாகச் சித்ராதேவி உட்காரும் நாற்காலியில், யாழினிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சித்ராதேவிக்கு இடமில்லாமல் போனது. பானுவின் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசலில் நின்றாள். லக்ஷ்மணன் சோபாவில் பேப்பரைப் பிரித்தார், பக்கம் திருப்பவில்லை.

"பயப்படாதே. நான் ஒண்ணும் பரீட்சை ஸ்குவாட் இல்ல," என்றார் பானு.

"தெரியும் அத்தை. ஸ்குவாட்னா பிட் இருக்கான்னு முதல்ல தேடுவாங்க."

பானுவுக்கே சிரிப்பு வந்தது. ஒரு கணக்கைச் சொல்லி, வாயால் சொல்லிக்கொண்டே போடச் சொன்னார். யாழினி போட்டாள். சரி. அடுத்ததும் சரி. மூன்றாவதில் ஒரு இடத்தில் இழுத்தாள். "மைனஸ்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "இல்ல, ப்ளஸ்" என்றாள். அதுவும் சரி. லக்ஷ்மணன் பேப்பரை மடித்து வைத்தார். சித்ராதேவியின் நெஞ்சிலிருந்து இரண்டு வருஷத்துப் பாரம் இறங்கத் தொடங்கியது.

நான்காவது கணக்கில்தான் அவள் அதைக் கவனித்தாள். யாழினி தாளைப் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. அத்தையின் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய பார்வை அல்ல. இரண்டு வருஷமாக மேஜைக்கு எதிரிலிருந்து வந்துகொண்டிருந்த பார்வைதான். அதைக் கவனம் என்று சித்ராதேவி நம்பியிருந்தாள். சில நாள் பாசம் என்றும். இப்போது, பானு உட்கார்ந்து நாற்காலியை அடைத்துக்கொண்டதால், அந்தப் பார்வை எதைத் தேடுகிறது என்று தெரிந்தது. சரியான விடை வரும்போது சித்ராதேவியின் மோவாய் லேசாக மேலே எழும். தப்பாக வந்தால் நாக்கு சத்தமில்லாமல் மேலண்ணத்தில் ஒட்டும், உதடு இறுகும். "மைனஸ்..." என்று இழுப்பது யோசிக்க அல்ல, இதற்காகக் காத்திருக்க. ஒரே டீச்சர், ஒரே மாணவி, நடுவில் ஒரு மேஜை. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் யார் முகத்தையும் இப்படிப் படித்துவிட முடியாது. பெண்ணைக் காப்பாற்றக் கொண்டுவந்த இடமே இதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

யாழினி ஏமாற்றவில்லை. அந்த முகம் எப்போது தெளியும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கணக்கு தெரியவில்லை, அவ்வளவுதான்.

"சொல்லு," என்றார் பானு. எக்ஸிலிருந்து இரண்டைக் குறைத்து, அதன் மூன்று மடங்கை ஐந்திலிருந்து கழித்தால் இரண்டு வருகிறது. எக்ஸ் எவ்வளவு?

"மைனஸ் மூணு எக்ஸ்... அப்புறம் மைனஸ்..."

சித்ராதேவி நின்றாள். இங்கேயே நின்றால் போதும். மோவாய் தானாக எழும். பெண் வீட்டில் இருப்பாள், வேன் ஹாரன் கிடையாது. நகர்ந்தால் இன்றைக்கே எல்லாம் போய்விடும். யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் திரும்பி, சமையல் மேடைப் பக்கம் பார்த்து நின்றாள்.

பின்னால் பென்சில் நின்றது. "அப்புறம்?" என்றார் பானு. பானு இரண்டாவது முறை கேட்டார். சோபா முனகும் சத்தம். லக்ஷ்மணன் எழுந்து வந்து, இவ்வளவு நேரம் நன்றாகத்தானே போட்டாள், என்ன ஆச்சு என்றார்.

"அவ போடலைங்க," என்றாள் சித்ராதேவி, திரும்பாமலே. "என் மூஞ்சியப் பாத்துச் சொன்னா. ரெண்டு வருஷமா அப்படித்தான். எனக்கே இப்பத்தான் தெரியுது."

யாழினி அழவில்லை. அழுதிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். லக்ஷ்மணன், அப்படியானால் பேச ஒன்றுமில்லை, நாளைக்கே உன் பள்ளிக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை.

பானு தாளை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார். யாழினி அதை விடவில்லை.

"இருங்க அத்தை. இன்னும் முடிக்கல."

நிறைய நேரம் பிடித்தது. அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் தாளைத் தள்ளினாள். எக்ஸ் மைனஸ் ஒன்று என்று எழுதியிருந்தாள். தப்பு. வர வேண்டியது மூன்று.

பானு தப்பை மேலிருந்து கீழாகப் படித்தார். மைனஸ் மூன்றையும் மைனஸ் இரண்டையும் பெருக்கும் இடத்தில் ப்ளஸ் ஆறுக்குப் பதிலாக மைனஸ் ஆறு என்று எழுதியிருந்தது. மற்றதெல்லாம் அந்தத் தப்பிலிருந்து ஒழுங்காக வந்திருந்தது. பானு அதைப் பாராட்டவில்லை. பாராட்ட அதில் ஒன்றும் இல்லை.

"பிரீ-அல்ஜீப்ரா," என்றார். "மைனஸ் பெருக்கல்லேர்ந்து மறுபடி போடணும்."

"ஸ்கூல்ல அதைச் சொல்லித் தருவாங்கல்லக்கா?" என்றார் லக்ஷ்மணன்.

பானு தாளை மறுபடி பார்த்தார். இடம் சொல்லி வைத்தவர் அவர்தான்.

"ஒன்பதாங் கிளாஸ்ல உட்கார வெச்சிருவோம்டா. அல்ஜீப்ரா ஜூன்லயே ஆரம்பிச்சிருவாங்க. பழைய பாடத்துக்குத் திரும்பிப் போக எனக்கு ஏது நேரம்? அங்கயும் பக்கத்துப் புள்ளையப் பாத்து எழுதும்."

லக்ஷ்மணன் ஜன்னலோரம் போய் நின்றார். கடைசியில், தீபாவளி வரைக்கும் வீட்டிலேயே படிக்கட்டும் என்றார். அதற்குள் பானு வந்து மறுபடி சோதிக்க வேண்டும், அப்போது சித்ராதேவி வீட்டிலேயே இருக்கக் கூடாது. அதற்கு அவள் தலையாட்டினாள். பிடிவாதக்காரி தலையாட்டியதை லக்ஷ்மணன் நம்பாமல் இரண்டு தடவை பார்த்தார்.

மறுநாள் சித்ராதேவி தன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தாள். பின்னால் யாழினி நேற்றைய அதே கணக்கை மறுபடி போட்டாள்.

"சரியாம்மா?"

சித்ராதேவி கீரையைப் பார்த்தாள்.

"அம்மா, சரியான்னு கேட்டேன்."

கழுத்து வலித்தது. திரும்பவில்லை. பெண்ணுக்குக் கோபம் வந்தது. பென்சிலை மேஜையில் போட்டாள், பால்கனிக்குப் போனாள், ஏதோ முணுமுணுத்தாள். கீரை முடிந்து, அடுத்து எதைக் கையில் எடுப்பது என்று தெரியாமல் சித்ராதேவி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலி இழுபட்டது. நீண்ட நேரம் பென்சில் ஓசை மட்டும்.

"விடைய எக்ஸ் இருக்கிற இடத்துல வெச்சுப் பாத்தேன்," என்றாள் யாழினி, கடுப்பாகவே. "பதினாலு வருது. ரெண்டு வரணும். நீ திரும்பாதே, மறுபடி போடறேன்."