வைத்தியநாதன் சாரின் பத்து இலக்க எண்

திங்கட்கிழமை மூன்று மணிக்கு செம்பூரிலிருந்து போன் வந்தது. ஃபோர்ட்டில் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரரான வைத்தியநாதன் சார் காலமாகிவிட்டார் என்றார்கள். அன்று சாயங்காலம் அவரைப் பார்க்கத்தான் கிளம்ப இருந்தேன். நல்ல சேதி ஒன்று வைத்திருந்தேன். என்ன பிரயோஜனம்!

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாருக்கு ஓர் எண்மேல் பைத்தியம்: 1234567891. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எழுதி, கடைசியில் இன்னொரு ஒன்று. "அந்தக் கடைசி ஒண்ணு இல்லேன்னா ஒன்பதாலே வகுபட்டுடும். அது வந்து ஒட்டிண்டதும் பாரு, பிடியே கொடுக்க மாட்டேங்கறது" என்பார். ஏழால் வகுத்தால் நான்கு மீதி, பதினொன்றால் ஏழு, பதின்மூன்றால் பதினொன்று.

அது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண் என்பது அவர் நம்பிக்கை. நிரூபிக்க, முப்பத்தையாயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். "அதுக்கு மேலே எதுக்கு? பெரிசு ஒண்ணு வகுத்தா, அதோட சின்ன ஜோடி முன்னாடியே அகப்பட்டிருக்குமே!" டிபன் நேரத்தில் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷின் சும்மா இருக்கும். அப்போது கரகரவென்று சுற்றுவார். வருஷக்கணக்காகச் சுற்றினார்.

"மெஷின் தேஞ்சுடப் போறது சார்" என்று கேலி செய்வேன்.

"தேயட்டும் கமலா. நான் போறதுக்குள்ளே தெரிஞ்சாப் போதும்."

கொஞ்சம் எண்களே பாக்கி இருந்தபோது படுத்துவிட்டார்.

எங்கள் செக்ஷன் இசக்கிமுத்து அண்ணாச்சி தாராவிக்காரர், தங்கமான மனுஷர். ஞாயிற்றுக்கிழமை சாரைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலை என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "அவுக மனசு குளிரட்டுமேன்னு ஒரு பொய் சொன்னேம்மா. மெஷின்ல போட்டோம் சார், மீதி சுழி, கணக்கு டாலி ஆயிட்டுன்னேன்."

"அரே பாபா! சார் என்ன சொன்னார்?"

"உடைஞ்சுடுத்தான்னு கேட்டாவ. சுவரைப் பார்க்கத் திரும்பிக்கிட்டாவ. சந்தோசத்துல கண்ணு கலங்கிட்டு போல."

எங்கள் வேலையில் மீதி சுழியானால்தான் வீட்டுக்குப் போகலாம். அதைவிட நல்ல சேதி உண்டென்று அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? ஆனால் சாரின் எண்ணுக்கு மீதி சுழி, அதாவது பூஜ்யம், என்றால் அது பகா எண்ணே இல்லை என்று அர்த்தம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, கத்திவிட்டேன். விஷயம் புரிந்ததும் மனுஷரே போய் மெஷினை இழுத்து வந்தார். டிபனைக்கூடப் பிரிக்காமல், பாக்கி எண்களை இருவருமாக மெஷினில் போட்டோம். கடைசி எண் 35129; மீதி 29444. ஒன்றும் வகுக்கவில்லை. சார் நம்பியது சரிதான். அதன் பிறகுதான் போன் வந்தது.

செம்பூரில் சார் வீட்டுக்குப் போனதும், அவர் மனைவி, மாமி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நேத்திக்கு சாயங்காலத்திலேர்ந்து வாயே திறக்கலைடி. என்ன நோவோ, சொல்லாமலே போயிட்டார்."

அண்ணாச்சி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கேயே தலைகுனிந்து நின்றார்.

"நோவுதான் மாமி" என்றேன்.

சார், அது உடையவே இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லை. போய் வாருங்கள்.