குரூப் போட்டோவுக்குப் பிறகு

கருத்தரங்கில் உங்கள் மதிப்பு என்ன என்று தெரிய வேண்டுமா? குரூப் போட்டோ உங்கள் பேச்சுக்கு முன்பா பின்பா என்று பாருங்கள்.

போன சனிக்கிழமை மட்டாஞ்சேரியில், பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில், சர்வதேச உறவுகள் பற்றிக் கருத்தரங்கு. காலையெல்லாம் பேரரசுகளை வறுத்தெடுத்தார்கள். வெள்ளைக்காரன் கண்ணால் உலகத்தைப் படிக்கக் கூடாது என்றார் ஒருவர் – பலத்த கைதட்டல். பிறகு பிரியாணி. பிறகு போட்டோ. பிறகு... எல்லோரும் எர்ணாகுளம் படகைப் பிடிக்க ஓடிவிட்டார்கள்.

அதற்கும் பிறகுதான் பெண்ணிய அமர்வு. அதாவது, நான்.

"டீச்சரே, கன்க்ளூஷன் மாத்ரம் மதி," என்றார் அமைப்பாளர், சாவிக்கொத்தை ஆட்டியபடி. முடிவுரை மட்டும் போதுமாம்!

விட்டிருப்பேன். ஆனால் முன்வரிசையில் ஜமீலா உட்கார்ந்திருந்தாள். கொச்சங்காடியில் எனக்குப் பக்கத்து வீடு. கணவர் – அவளுக்கு 'இக்கா' – சரக்குக் கப்பலில். வளைகுடாவில் பதற்றம், கப்பல் நடுக்கடலிலேயே நிற்கிறது. என் கட்டுரையே அதைப் பற்றித்தான். தலைநகரங்கள் முறைத்துக்கொள்ளும்போது தூக்கம் தொலைக்கிற பெண்கள் எந்தப் பாடப்புத்தகத்தில் வருகிறார்கள்? அதைக் கேட்கத்தான் தையல் கடைக்கு லீவு போட்டு வந்திருந்தாள்.

"வாசிங்க டீச்சர். ஆனா இக்காகிட்டருந்து ஒரு வாரமா போன் இல்ல. ரிங் வந்தா எழுந்து போயிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"ரிங் வந்தா நானே நிறுத்திடுறேன்."

"நீங்களா? ஆரம்பிச்சா பள்ளுருத்தி பஸ் மாதிரி... கைகாட்டினாலும் நிக்க மாட்டீங்க!"

வாசித்தேன். சுவரில் ஊறிய மிளகு வாசனையும் கடல் காற்றும்கூடக் கேட்பதுபோல் இருந்தது. காத்திருப்பவளைக் கணக்கில் எடுக்காத அறிவும் ஒருவகைக் காலனியாதிக்கம்தான் – நான் அடித்து அடித்துத் திருத்திய வரி – அங்கே வந்தபோது அவள் போன் அடித்தது.

"இக்கா! உயிரோட இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

பேசிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? இரண்டும்தான். வெயிலில் அவள் நிழல் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தது.

உள்ளே மைக், நான், காலி நாற்காலிகள். கப்பலிலிருந்து அந்தக் குரல் கரை சேர வேண்டும் என்றுதானே இத்தனை பக்கம் எழுதினேன்? சேர்ந்துவிட்டது. இனி யாருக்கு வாசிக்க? தாள்களை மடித்தேன்.

மேஜைமேல் கிடந்த என் போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

சைலன்டில்கூட இல்லை.