வெயில் தள்ளிய கல்லும் ஒரு வைவாவும்

போன வியாழக்கிழமை காலை. அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் என் ஸ்கூட்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால், மடியில் விரித்த ஆய்வேட்டோடு என் தங்கை மலர். பதினோரு மணிக்கு அவளுக்கு பிஎச்.டி. வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு.

திடீரென்று என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“அண்ணா, வண்டிய ஓரங்கட்டு. தப்பு பண்ணிட்டேன்.”

அவள் ஆராய்ந்தது ஒரு சிறுகோளை; சூரியனைச் சுற்றிவரும் ஒரு கல்லை. வெயிலில் அந்தக் கல் சூடாகிறது. சூடு வெளியேறும்போது கல்லை லேசாகத் தள்ளுகிறது. கோணல்மாணலான கல் என்பதால், அந்தத் தள்ளல் அதன் சுழலும் வேகத்தையே மாற்றிவிடும். ஆனால் எவ்வளவு மெதுவாக! ஆறு வருடம், அது சுழலச் சுழல அதன் ஒளி கூடிக் குறைவதை அளந்து, ‘வேகம் கூடுகிறது’ என்று எழுதியிருந்தாள்.

அந்த ஒளி நம்மிடம் வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு அளவிலும் அந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். ஒரு வருடத்து அளவுகளில் மட்டும் கழிக்க மறந்துவிட்டாள்.

“யாருக்குத் தெரியப்போவுது? வாயத் தொறக்காத” என்றேன்.

“எனக்குத் தெரிஞ்சிடுச்சேண்ணா.”

“பட்டம் போயிட்டா?”

அவள் ஆய்வேட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். “வண்டிய எடுண்ணா” என்றாள்.

கல்லூரி அரங்கில் நான் கடைசி வரிசை. மேடையேறியவள் வணக்கம் சொன்ன கையோடு ஆரம்பித்தாள்: “மேடம், மொதல்ல ஒரு தப்ப சொல்லிடுறேன்...”

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். மலரின் வழிகாட்டிப் பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

“திருத்துனா வேகம் கூடுதா, இல்லையா?” என்றார் தேர்வாளர்.

“தெரியல மேடம். வர்ற வழியிலதான் பார்த்தேன்.”

“லேப்டாப் இருக்குல்ல? இங்கயே போட்டுக் காட்டுங்க.”

இருபது நிமிடம். வரைபடத்தில் கோடு நேராக வந்தால் ஆறு வருடமும் போச்சு. வளைந்தால்தான் வெயில் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நேராகத்தான் போகிறதோ?

கடைசிப் புள்ளிகள் மேலே ஏறின. கோடு வளைந்தது! முன்பைவிடக் குறைவாக — ஆனால் வளைந்தது.

தேர்வாளர் எழுந்து திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார்.

“கம்மிதான். ஆனா இருக்கு. அந்த அத்தியாயத்தத் திருத்திக் குடுத்துடுங்க... டாக்டர் மலர்.”

மலர் அப்படியே நாற்காலியில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்தவர் கண்டுபிடிக்கும் முன்னால், தன் தவறைத் தானே சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? இத்தனை வருடமாக நான் எழுதும் இந்தப் பத்திகளில் என் தவறை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்...

‘வாயத் தொறக்காத’ என்று அவளிடம் சொன்னதை இங்கே எழுதிவிட்டேனே, இதுதான் முதல் தடவை.