ரப்பர் உக்காரணும்

போல்ட்ட வாயில கவ்விக்கிட்டுத்தான் வண்டிக்கு அடியில போறார் பாப்போம் மெக்கானிக். பாக்கெட்டுல போட்டா மறந்துடும், தரையில வச்சா உருண்டுடும். வாயில இருந்தா இன்னொரு லாபம், வேலை முடியிற வரைக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. வெளிய வந்ததும் எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி: "சரியாயிடுச்சா?" அவர் சொல்றதும் ஒரே பதில்: "பாப்போம்." பேரு அப்படி ஒட்டிக்கிட்டதுதான்.

ஆளு பயந்த சுபாவம். முறுக்குன போல்ட்ட மறுபடி தொட்டுப் பாப்பார். சாப்பிடப் போற வழியில பாதியில திரும்பி வந்து ஷெட்டைத் திறந்து இன்னொரு தடவ தொட்டுப் பாப்பார். "அடுப்ப அணைச்சுட்டேன்னு நான் சொன்னா நம்ப மாட்டாரு. அந்த அடுப்பே வந்து சொன்னாத்தான் நம்புவாரு"ன்னு அவர் சம்சாரம் தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லும்.

இந்தத் தடவ ஷெட்டுல நிக்கிறது யாரோ ஒருத்தர் வண்டி இல்ல. மக குடும்பம் நடத்துற வேன். மருமகன் செல்போன் டவருக்கு பெயிண்ட் அடிக்கிறவர். ஒரு டவர் முடிஞ்சா அடுத்த டவர், ஒரு ஊர் முடிஞ்சா அடுத்த ஊர். அதனால வேனுக்குள்ளயே கட்டில், அடுப்பு, மடக்குற மேசை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. இப்பப் புதுசா டிரைவர் சீட்டுக்கு ஒட்டின மாதிரி பின்னால ஒரு குட்டிப் பலகை, சுத்தியும் தடுப்பு வச்சது. பேத்தி தூங்குற எடம். எஞ்சின் இருக்கிறது அதுக்குக் கீழதான்.

பழைய எஞ்சின் புகையக் கக்கிட்டுப் படுத்துடுச்சு. வேற வண்டியில கழட்டுன நல்ல எஞ்சினைத் தேடிப் புடிச்சு, செயின் பிளாக்குல தொங்கவிட்டு உள்ள எறக்கினார். அதைத் தாங்குறது மூணே மூணு மவுண்டிங். ரெண்டு இரும்புக்கு நடுவுல உள்ளங்கை அளவு ரப்பர், அவ்வளவுதான். போல்ட்ட எல்லாம் மொதல்ல கையால லூசா மாட்டணும். அப்புறம் அடியில முட்டுக் குடுத்த ஜாக்கிய எறக்கணும். எஞ்சின் தன் பாரம் மொத்தத்தையும் ரப்பர் மேல போட்டு உக்காரணும். புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, அதுக்கப்புறம்தான் ஸ்பேனர். உக்காராத ரப்பர முறுக்குனா கோணிக்கிட்டே கெடக்கும், ஓடுற ஓட்டத்துல என்னிக்காவது கிழியும். கிழிஞ்சா எஞ்சின் சாயும், டீசல் பைப்ப உரசும், பக்கத்துல சைலன்சர் கொதிச்சுக்கிட்டு இருக்கும்... அதுக்கு மேல அவர் யோசிக்க மாட்டார். யோசிச்சா அந்தக் குட்டிப் பலகை கண்ணுக்கு முன்னால வந்து நிக்கும்.

எல்லாம் முடிச்சு மருமகன் வண்டிய ரிவர்ஸ் எடுத்தார். டக்.

"நிறுத்துங்க மாப்ள!"

"என்ன மாமா? சூப்பரா இருக்கே."

"கேக்கல? டக்குன்னுச்சு."

"வண்டின்னா ஒரு சத்தம் இருக்கத்தானே செய்யும். வெயில் தாழ நாங்க கெளம்பியாகணும் மாமா. காலையில டவர் மேல நான் நிக்கலன்னா கான்ட்ராக்டர் வேற ஆள ஏத்திடுவான்."

பாப்போம் காதுல அது எதுவும் ஏறல. பின்னால கியர் பாக்ஸுக்குக் கீழ இருக்கிற மவுண்டிங். அத முறுக்குனது ஜாக்கிய எறக்குனதுக்கு அப்புறமா, முன்னாலயா? இத்தன வருசத்துல இந்தக் கேள்வியே வந்ததில்ல. எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வந்தது பேத்தி மொகம்தான். "அப்பா, ஓடி வாங்க, சிரிக்கிறா!"ன்னு மக கூப்பிட்டப்போ வாயிலருந்த போல்ட்டத் துப்பிட்டு ஓடுனவர் அவர். திரும்பி வந்து, "என் தங்கம் என்னப் பாத்து சிரிச்சிருச்சே"ன்னு வாய் ஓயாமப் பேசிக்கிட்டே ஸ்பேனரப் புடிச்சவரும் அவரேதான்.

டார்ச்ச எடுத்துக்கிட்டு அடியில போனார். ரப்பர் ஒரு பக்கமா வாயக் கோணிக்கிட்டு இருந்துச்சு.

"நான்தான்," வெளிய வந்து சொன்னார். "பாரம் எறங்குறதுக்கு முன்னாலயே முறுக்கிட்டேன். கழட்டணும்."

சம்சாரம் சும்மா இருக்குமா? "அது உங்களப் பாத்து சிரிக்கல. வயித்துல காத்து. அதுக்குப் போயி எம் பேத்தி வண்டிய கோட்ட விட்டீங்களா? சொந்தப் பொண்ணு மொதல்ல சிரிச்சப்போ எந்த லாரிக்கு அடியில கெடந்தீங்களோ!"

"அம்மா, விடும்மா. மொகத்தப் பாரு, வெளுத்துப்போச்சு"ன்னா மக.

எஞ்சினுக்கு மறுபடி ஜாக்கிய முட்டுக் குடுத்து, மூணு மவுண்டிங்கையும் லூஸ் பண்ணார். ஒண்ணு பண்ணாப் போதும், ஆனா அந்த ஒண்ண இப்ப அவரால நம்ப முடியல. ஜாக்கிய எறக்கி தூரமாத் தள்ளினார். எஞ்சினை ரெண்டு கையாலயும் புடிச்சு ஆட்டினார். ரப்பர் மூணும் நிமிந்து உக்காந்தத வெரலால தடவிப் பாத்துட்டுத்தான் முறுக்கினார். மருமகன் "சரியாயிடுச்சா"ன்னு கேக்க வாயெடுத்ததும் கைய ஆட்டி நிறுத்தினார்.

"கொழந்த கீழயே இருக்கட்டும். அவ படுக்கிற எடத்துல நான் படுத்துக்கிறேன். குண்டு குழி பாக்காம ஓட்டுங்க. ரிவர்ஸ் போங்க, மேடு ஏறுங்க, சட்டுனு பிரேக் போடுங்க."

"மாமா, அந்தப் பலகையில உங்க தல மட்டும்தான் புடிக்கும்."

"எதாவது ஆனா எனக்கு ஆகட்டும் மாப்ள. ஓட்டுங்க."

"ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தீங்க. பாத்து, உடம்பு தாங்காது"ன்னு சம்சாரம் சொன்னப்போ அது குரல்ல கிண்டல் இல்ல.

முழங்கால நெஞ்சோட மடக்கி, காதைப் பலகையில அழுத்திக்கிட்டு, தடுப்புக் கட்டைய கெட்டியாப் புடிச்சுக்கிட்டார். வண்டி நகந்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு அந்த டக்குக்காகக் காத்துக் கெடந்தார். வேகத்தடை வந்துச்சு. பள்ளம் வந்துச்சு. கோடவுன் பக்கத்து மேட்டுல மருமகன் நிறுத்தி நிறுத்தி ஏத்தினார், பின்னாலயே எறக்கினார். மேடு, வளைவு, மறுபடி அதே பள்ளம்.

ஷெட்டு வாசல்ல வந்து நின்னதும் மருமகன் திரும்பாமலே கேட்டார். "மாமா, சத்தம் வருதா?"

இன்னொரு தடவ கூப்பிட்டார்.

"மாமா?"

மக கொழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்து பக்கக் கதவ இழுத்தா. பின்னாலயே அம்மாவும் எட்டிப் பாத்துச்சு. பாப்போம் மெக்கானிக் பேத்தியோட துணியில கன்னத்த வச்சு, வாயத் தொறந்து, தடுப்புக் கட்டையப் புடிச்ச கை நழுவித் தொங்க, அயர்ந்து தூங்கிக்கிட்டு இருந்தார்.

மருமகன் எஞ்சினை அணைக்க சாவியத் தொட்டார். மக எக்கி, அவர் கையச் சாவி மேலருந்து மெதுவா எடுத்துவிட்டா.