மொட்டைத் தலையும் இரண்டாம் லைனும்

பழனியில் முடி இறக்கிவிட்டு வந்த மறுநாள் காலை, சௌந்திரம் வழக்கம்போல வேலைக்கு வந்து, முட்டை குடோன் வாசல் மிஷினுக்கு முகத்தைக் காட்டினாள். மிஷின் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, "முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும்" என்று பெண் குரலில் சொன்னது. அவள் மீண்டும் முயன்றாள். சந்தனம் பூசிய தலையைச் சற்றுச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தாள். கதவு திறக்கவே இல்லை.

"நீங்க ஆருங்க சாமி?" என்று கேட்டுச் சிரித்தார் வாட்ச்மேன் வீரன். "தெனமும் பாக்கற எனக்கே அடையாளம் மட்டுப்படலியே."

"உங்களுக்குத் தெரியாட்டிப் போவுதுங்க. இந்தக் கெரகத்துக்குத் தெரியோணுமே."

நாமக்கல்லில் இருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கிறது அந்த முட்டை குடோன். கோழிப்பண்ணைகளில் இருந்து லாரியில் வரும் முட்டை, பெல்ட்டில் ஏறும். கேமரா விரிசல் பார்க்கும். எடை பார்த்துத் தரம் பிரிந்ததும், ரப்பர் மூக்கு வைத்த இரும்புக் கைகள் உறிஞ்சித் தூக்கி அட்டையில் அடுக்கும். ஆளில்லாமல் ஓடும் வண்டிகள் அவற்றைக் குளிர் அறைக்குக் கொண்டுபோகும். வழியில் யாராவது நின்றால் அசையாமல் நின்றுவிடுவதால், அந்த வண்டிகளுக்குப் பெண்கள் வைத்த பெயர் எருமை.

முட்டையை ஒவ்வொன்றாக பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த காலத்தில் சௌந்திரம் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். மிஷின் வந்தபோது பாதிப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். இவள் போகவில்லை. யாரும் கூப்பிடாமலே திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, எந்த பட்டன் எதற்கு என்று கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டாள். மிஷின் மேல் ஆசையா என்றால், இல்லை. "அதுங்கிட்டத் தோத்துப்போயி ஊட்ல உக்கார என்னால ஆவாது" என்பாள். இன்று அவள் இரண்டாம் லைனுக்குத் தலைவி. காலையில் அவள் முகத்தைப் பார்த்தால்தான் அந்த லைன் ஓடும்.

நாக்பூருக்கு அந்தப் பக்கம் கணவன் ராசுவின் லாரி கவிழ்ந்தபோது வேண்டிக்கொண்ட மொட்டை அது. ராசு நடந்து வீடு வந்து சேர்ந்தான். "பூமுடி குடுத்தாப் போதும் அண்ணி, நுனியில ரண்டு வெட்டு" என்றாள் நாத்தனார். "உசுரக் கேக்கறப்ப முழுசாத்தான கேட்டேன், குடுக்கறப்ப மட்டும் நுனியா?" என்று கேட்டுவிட்டு, நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தவள் அவள்.

மேனேஜர் அன்பரசு வாசலுக்கு வந்தான். மோகனூர்க்காரன், நல்ல பையன்தான். இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"ஒண்ணுமில்லீங்க்கா. புது ஆளுன்னு பதிஞ்சிரலாம். ஒரு நிமிச வேலை."

"என்ற பழைய பேரு?"

"அது பாட்டுக்குக் கெடக்கும். பழைய பேருக்குப் போட்டோ மாத்தறது பெங்களூர் ஆபீஸ் கையிலதான் இருக்குது. எழுதிப் போட்டா வாரக் கணக்குல ஆவும்."

சௌந்திரம் ஓரடி பின்வாங்கினாள். தீபாவளி முடிந்ததும் இன்னொரு இரும்புக் கை வரப்போகிறது, கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியே போக வேண்டும் என்று போன வாரம்தான் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்கள். இன்று புதிதாகப் பதிந்தால், அத்தனை பேருக்கும் கடைசி ஆள் அவள்தான்.

"நான் புதுசு இல்லீங்க தம்பி."

"எனக்குத் தெரியுமுங்க்கா. சிஸ்டத்துக்குத் தெரியலியே. வேணும்னா முடி வளர்ற வரைக்கும் ஒரு டோப்பா வெச்சுக்கிட்டு..."

"முருகனுக்குக் குடுத்ததுக்கு மேல நான் பொய் முடி வெக்கோணுமா? அந்தப் பேச்ச உட்ருங்க."

வீரன் லாரி கேட்டைத் திறந்துவிட்டார். அவள் உள்ளே போய் இரண்டாம் லைன் முன்னால் நின்றாள். அங்கேயும் முகம் பொருந்தாமல் விளக்கு சிவப்பாகவே இருந்தது. பக்கத்தில் முதல் லைன் கடகடவென்று ஓடியது. இரண்டாம் லைனுக்கு வந்த முட்டை அட்டைகள் ஆள் உயரத்துக்கு ஏறின. ஓர் எருமை வந்து, எடுத்துப்போக ஒன்றும் இல்லாமல் அப்படியே நின்றது. வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அன்பரசு, அந்த லைனின் அடுத்த மூத்தவளும், சௌந்திரம் வராத நாளில் முகம் காட்டி ஓட்டுபவளுமான ராமாயியைக் கூப்பிட்டான். "நீங்க மூஞ்சியக் காட்டி ஓட்டுங்க. அக்கா பக்கத்துல நின்னு வேலையப் பாக்கட்டும்."

ராமாயி சேலைத் தலைப்பை மூக்குக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவ செய்யற வேலைக்கு என்ற மூஞ்சி எதுக்குங்க? எனக்கு இன்னைக்குத் தூசி ஒத்துக்கல. மூஞ்சித் துணிய எடுக்க முடியாதுங்க."

அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக முகத்தைக் கட்டிக்கொண்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை. சேலத்தில் இருந்து பஸ்ஸில் வரும் ஜாக்குலின் மட்டும், "எனக்குந் தூசிதாங்க சார்" என்றாள்.

"வெயில் ஏறுது, முட்டை கெட்டா யாருங்க்கா பொறுப்பு?"

"நீங்கதானுங்க சார்" என்றாள் சௌந்திரம். தம்பி என்று அழைத்த வாயில் சார் வந்ததும் அன்பரசுவின் முகம் சுருங்கியது. "பெங்களூருக்குப் போன் போடுங்க. எழுதிப் போட வேண்டாம். என்ற மூஞ்சிய அவிய பாக்கட்டும்."

போட்டான். வீடியோவில் வந்தது அறிவுச்செல்வி, ஆத்தூர்ப் பெண். மிஷினைப் பொருத்த வந்தபோது இங்கேயே தங்கி, மத்தியானத்தில் சௌந்திரத்தின் தூக்குச் சட்டியில் பங்கு கேட்டுச் சாப்பிட்டவள். சௌந்திரம் போனைக் கையில் வாங்கினாள். தலையை மட்டும் காட்டினாள்.

"சௌந்திரம் அக்கா, பழனியா, சமயபுரமா?" என்றது போன்.

"உனக்குத் தெரியுது. நீ செஞ்சு வெச்ச மிஷினுக்கு ஏங்கண்ணு தெரியல?"

அறிவுச்செல்வி குனிந்து தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். பிறகு மெதுவாக, "நாங்க இத யோசிக்கவே இல்லக்கா. பழைய பேர்லயே படத்த மாத்தித் தரேன். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள்.

"என்ற படத்த மட்டும் மாத்தி உட்டுப் போயிராத. இங்கிருந்தே மாத்த இவருக்கு வழி பண்ணிக் குடு. இல்லீன்னா லைனு இப்பிடியேதான் நிக்கும்."

பேச்சு நீண்டது. அன்பரசு இரண்டு தடவை வெளியே போய் யார் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தான். கடைசியில், முகப் படத்தை மேனேஜரே மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. சௌந்திரம் மொட்டையும் சந்தனமுமாக மிஷினுக்கு முகத்தைக் காட்டினாள். திரையில் அவளுடைய பழைய பெயரும் சேர்ந்த வருடமும் வந்தன. இரண்டாம் லைனில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் பட்டனைத் தொடவில்லை. "காலையில இருந்து வாசல்லயும் இங்கயும் நின்னதயும் வேலைன்னு ஏத்துங்க. அப்பறம் ஓட்டறேன்."

அன்பரசு அவளைப் பார்த்தான். முகத்தைக் கட்டியிருந்த பெண்களைப் பார்த்தான். பிறகு ஏற்றினான். அவன் தட்டுவதைத் திரையில் படித்து முடித்த பிறகுதான் அவள் பட்டனை அழுத்தினாள்.

பெல்ட் நகர்ந்தது. ராமாயி தலைப்பை இறக்கிவிட்டு அட்டையைத் தூக்கினாள். ஜாக்குலின் மட்டும் அன்பரசுவின் அருகில் வந்து நின்றாள்.

"எனக்கு நாலு நாள் லீவு வேணுமுங்க சார். வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்டை பாக்கி இருக்குது. இந்த வாசலுக்குப் பயந்துதான் ரண்டு வருசமாத் தள்ளிட்டு இருந்தேன்."

"எப்ப போறீங்க?"

"இன்னைக்கு ராத்திரி வண்டிக்கே."

அன்பரசு தலையாட்டினான். லைனில் இருந்து திரும்பாமலே சௌந்திரம் சொன்னாள்: "முழுசாக் குடுத்துட்டு வா."