சென்ட்ரலுக்குப் போன மனு

என் டாக்ஸியின் டாஷ்போர்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பிளாட்பாரம் டிக்கெட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். வெயில் பட்டுப் பட்டு மை பூராவும் வெளுத்துப்போய், இப்போது அது வெறும் காகிதத் துண்டுதான். திருவான்மியூரில் ஏறி தி.நகர் போகிறவர்கள், டிராஃபிக்கில் நிற்கும்போது பார்க்க வேறொன்றும் இல்லாமல் அதைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்பார்கள். "எங்க வீட்டுப் பத்திரம் சார்" என்பேன். சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் நான் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் வக்கீலம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தி.நகருக்குள் அதைச் சொல்லி முடிக்க முடியாது என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

சொந்த வண்டி வாங்குவதற்கு முன்னால் ஆழ்வார்பேட்டையில் அந்த வக்கீலம்மாவுக்கு டிரைவராக இருந்தேன். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடுவில் வந்து விழுகிற வழக்குகள் அவரிடம் அதிகம் வரும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, மயிலாப்பூர் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்து ஹைகோர்ட் போய்ச் சேரும்வரை, அன்றைக்கு வாதாடப்போவதைப் பின் சீட்டில் உட்கார்ந்து தமிழில் எனக்குச் சொல்லிப் பார்ப்பார். நான் படித்தது கம்மி. கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் தெரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்தால் ஜட்ஜுக்கும் புரியும் என்பது அவர் கணக்கு. "புரியலேன்னு வாயத் தொறந்து சொல்ல உனக்குக் கூச்சமா இருக்கும்ப்பா. ஹாரன் அடி" என்று சொல்லியிருந்தார். அப்படித்தான் நடந்தது எங்கள் பாடம். ஒருநாள் மூன்று பட்டியல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். ராணுவம், ரயில், தபால் மாதிரியானவை மத்தியப் பட்டியல். நிலம், போலீஸ், சந்தை மாதிரியானவை மாநிலப் பட்டியல். காடு, படிப்பு மாதிரி இரண்டு பேரும் கை வைக்கக்கூடியவை பொதுப் பட்டியல். அதில் இரண்டு பேர் சட்டமும் மோதிக்கொண்டால் பெரும்பாலும் டெல்லி சட்டம்தான் நிற்கும். அதுவரைக்கும் சரி. எந்தப் பட்டியலிலும் இல்லாத புது விஷயம் ஒன்று முளைத்தால் அதுவும் டெல்லிக்குத்தான் என்றார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. சிக்னலில் நின்றபடியே ஹாரனை அழுத்திப் பிடித்தேன். முன்னால் ஸ்கூட்டரில் இருந்தவர் திரும்பி, "இன்னா நைனா, செவப்பு எரியுது, மேல ஏறிப் பறக்கவா?" என்றார். வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "அந்த எடத்துல ஹாரன் அடிக்கிறவங்க ரொம்பப் பேரு இருக்காங்கப்பா. நீ ஒண்ணும் மொத ஆள் இல்ல" என்றார்.

அப்படியெல்லாம் பேசிக்கொண்டு போனேனே தவிர, அதெல்லாம் என் வீட்டுக் கதவைத் தட்டும் என்று நினைத்ததில்லை. எங்கள் வீடு சைதாப்பேட்டையில் ஆற்றங்கரை ஓரம். ஒற்றை அறை, மேலே ஷீட்டு. என் மனைவி பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் வேலை செய்தாள். பெண் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவின் ஒரு பக்கம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பழைய குடோன் சுவர், இன்னொரு பக்கம் ஆறு. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் இன்றைக்கு அங்கே இல்லை. ஒருநாள் அந்தச் சுவரிலும் எங்கள் கதவுகளிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆறு வரைக்கும் உள்ள இடம் மத்திய அரசுக்குச் சொந்தம், காலி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் இடிக்கப்படும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் ஒரு வரிசையையே பெயர்த்து ஊருக்கு வெளியே, பஸ் எப்போது வரும் என்று தெரியாத ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஆழ்வார்பேட்டைக்குக் காலையில் வந்து சேர முடியாது. என் வேலை போய்விடும். அவள் வேலையும் போய்விடும். பெண்ணின் படிப்பு என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் வக்கீலம்மாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை பார்க்கிற இடத்தில் வீட்டுக் கதையைக் கொண்டுபோய் இறக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

நான் சும்மா இருந்தேனே தவிர தெருப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காதான் அவர்களுக்குத் தலைமை. இது சென்ட்ரலில் இருந்து வந்த நோட்டீஸ், ஆகவே சென்ட்ரலுக்கே நேரில் போய் மனு கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சிரிக்காதீர்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு சென்ட்ரல் என்றால் அந்தச் சிவப்புக் கட்டிடமும் மணிக்கூண்டும்தான் கண்ணுக்கு வரும். சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகக் கூட்டமாக அங்கே போய் நின்றார்கள். உள்ளே போக பிளாட்பாரம் டிக்கெட் வேண்டும் என்று வாசலில் சொன்னதும், ஒருத்தி போனால் போதும் என்று அக்கா ஒரே ஒரு டிக்கெட் வாங்கி என் மனைவியை உள்ளே அனுப்பியிருக்கிறார். அவளும் மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மங்களூர் வண்டிக்கும் ஹவுரா வண்டிக்கும் நடுவே பெரிய ஆபீசர் எங்கே என்று கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். கடைசியில் விசாரணைக் கவுண்டரில் இருந்த ஒரு மனிதர் அந்த மனுவை முழுக்கப் படித்தாராம். படித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இது அந்த சென்ட்ரல் இல்லையம்மா என்று சொன்னாராம். வெளியே வந்து என் மனைவி, "இது இல்லியாம்க்கா. வேற சென்ட்ரல் ஒண்ணு கீதாம்" என்றாள். அக்கா மணிக்கூண்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வேற சென்ட்ரல் எங்க கீது? எக்மோராண்டயா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் இதை நான் வக்கீலம்மாவிடம் சொன்னது உதவி கேட்பதற்காக இல்லை. எக்மோர் நகைச்சுவையை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம், அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டது யார், எந்தச் சட்டத்தின் பேரில் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்குப் பேச வேண்டிய வழக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு என் வழக்கை எடுத்துக்கொண்டார். "உன் சம்சாரம் சரியான எடத்துக்குத்தான் போயிருக்கா. அந்த ஸ்டேஷனையே எடுத்துக்கோ. தண்டவாளம், ரயிலு, பிளாட்பாரம் எல்லாம் டெல்லியோடது. அங்க உன் பர்ஸ ஒருத்தன் அடிச்சா கம்ப்ளெய்ண்ட் எழுதிக்கிற போலீஸ் யாரோடது?" ரயில்வே போலீஸ் என்றேன். அது மாநிலத்தோடது என்றார். நான் ஹாரன் அடித்தேன். போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ரயில்வே போலீஸையும் சேர்த்தே அதில் எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கினார். அவ்வளவு பெரிய சென்ட்ரலுக்குள்ளேயே இப்படி என்றால், அதன் சுவருக்கு வெளியே எப்படி இருக்கும் என்று கேட்டார். டெல்லி பெரிதா, சென்னை பெரிதா என்பதில்லையாம் பேச்சு. இரண்டு பேருக்கும் அதிகாரம் ஒரே புத்தகத்திலிருந்துதான் வருகிறது. யார் வந்து கை வைத்தாலும் எந்த வரியைக் காட்டிக் கை வைக்கிறாய் என்று கேட்கலாம். அதை அவர் அடிக்கடி ஒரே கேள்வியாகச் சுருக்கிச் சொல்வார்: எந்த அதிகாரத்தில்?

அந்த வாரமே எங்கள் தெருவுக்கு வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடோன் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். இட்லிக்கடை அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சுவருக்கு வெளியே எல்லைக் கல் ஏதாவது உண்டா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவருடைய ஜூனியர்கள் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து நில வரைபடத்தின் நகலை வாங்கி வந்தார்கள். குடோன் இருக்கும் இடம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் சந்தேகமில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் ஆறு வரைக்கும், நாங்கள் இருந்த துண்டு நிலம், ஆற்றுப் புறம்போக்கு. புறம்போக்கு என்றால் மாநில அரசின் நிலம். மத்திய அரசு இடத்திலிருந்து ஆட்களை வெளியேற்ற மத்திய அரசு அதிகாரிக்குச் சட்டம் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் மத்திய அரசு இடத்தில்தான் ஓடும். சுவரைத் தாண்டிக் குதித்து ஓடாது. கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். வக்கீலம்மா உடனே அதில் தண்ணீர் ஊற்றினார். மாநிலம் நாளைக்கே வந்து தன் இடத்தைக் கேட்கலாம், அவர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது, அந்தக் கதவையும் நீங்கள் தட்டித்தான் ஆக வேண்டும் என்றார். பொய்யாக ஒரு ஆறுதல் அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

அவரே எங்களுக்காக வழக்குப் போட்டார். அது விசாரணைக்கு வந்த அன்றைக்கு வண்டியைப் பூட்டிவிட்டு என்னையும் உள்ளே வரச் சொன்னார். அவ்வளவு காலமும் அவருடைய வாதங்களை நான் பின் சீட்டிலிருந்துதான் கேட்டிருந்தேன். கோர்ட்டில் நின்று கேட்டதில்லை. இங்கிலீஷில்தான் பேசினார்கள். ஆனால் எனக்கு ஒவ்வொரு வரியும் எந்தச் சிக்னலில் சொன்னது என்று தெரிந்திருந்ததால் கூடவே போக முடிந்தது. இந்த இடம் உங்களுடையது என்பதற்கு ஆவணம் இருக்கிறதா என்று நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீலைக் கேட்டார். அந்த மனிதர் நல்லவர். கோப்பைப் புரட்டினார், பின்னால் நின்ற அதிகாரியிடம் குனிந்து பேசினார், நிமிர்ந்து, சுவர் வரைக்கும்தான் இருக்கிறது என்றார். என் கை தானாக முன்னால் நீண்டது. ஹாரன் இருந்திருந்தால் அடித்திருப்பேன். இந்தத் தடவை புரிந்துவிட்டது என்பதற்காக. அதிகாரம் இல்லாதவர் கொடுத்த நோட்டீஸ் செல்லாது, அதிகாரம் உள்ளவர் சட்டப்படி நடந்துகொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. வெளியே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றேன். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து நான் ஒழுங்காக மூச்சு விடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மரத்தடியில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டோமா என்று அக்கா கேட்டார். இவங்க வர முடியாது, அவ்வளவுதான் இன்னிக்கு என்றார் வக்கீலம்மா. என் மனைவிக்கு அது போதவில்லை. டெல்லிக்காரர்கள் என்றால் எல்லோருக்கும் மேலே என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அப்போ அவங்க பெரியவங்க இல்லியாம்மா?"

"பெரியவங்கதாம்மா" என்றார் வக்கீலம்மா. "அவங்க வீட்டுல."

எத்தனையோ பேர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவனுக்கு அது ஒரு வருமானம். ஆனால் அதற்கு இணையாக ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. அன்றைக்கு என் மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் அந்த பிளாட்பாரம் டிக்கெட் இன்னும் இருக்கிறதா என்று வக்கீலம்மா கேட்டார். என் மனைவி முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். அதைத் தன் அரசியல் சட்டப் புத்தகத்தில், பட்டியல்கள் இருக்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னபடியே மாநிலத்துக்காரர்களும் வந்தார்கள், அளந்தார்கள். அக்கா தலைமையில் இந்த முறை சரியான அலுவலகத்துக்கே போய் நின்றார்கள். பல தடவை போய் நின்ற பிறகு, தண்ணீர் ஏறுகிற முதல் வரிசையை மட்டும் சைதாப்பேட்டைக்குள்ளேயே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எங்கள் வரிசைக்குக் கதவு எண் போட்டார்கள். பெண் படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். வக்கீலம்மா இப்போது கோர்ட்டுக்குப் போவதில்லை. முழங்கால் வலி. அடையாற்றில் மகளோடு இருக்கிறார். மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன். வேலையை விட்டபோது புத்தகங்களையெல்லாம் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டு டிக்கெட்டை மட்டும் உருவி என்னிடம் தந்தார். இது உன் வழக்குக் கட்டு, நீயே வைத்துக்கொள் என்றார்.

போன மாதம் பெண் ஊருக்கு வந்தாள். அழைத்து வர நானும் என் மனைவியும் சென்ட்ரலுக்குப் போனோம். வண்டி வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கவுண்டரில் நீள வரிசை. வாசலில் யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழைந்துவிடலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. அதே மணிக்கூண்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டிக்கெட் எடுய்யா. இது அவங்க வீடு."

வரிசையில் போய் நின்றேன். அந்தப் புது டிக்கெட் இப்போது பழைய டிக்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது.