அகப்பை தொட்ட பிள்ளை

சீதேவி செத்த முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவுப் புத்தகமான கல்வெட்டு பதினாறு பக்கம். விருந்தோம்பலுக்கு ஒரு வெண்பா, கற்புக்கு இரண்டு. பதினொரு குழந்தைகளை வைத்து அவர் செய்த பரிசோதனைக்கு ஒரு வரிகூட இல்லை. அது தெரிந்தவர்களுக்கு வெண்பா எழுத வராது.

விஷயம் பல்லில் தொடங்கியது. குழந்தைக்கு முதற் பல் முளைத்தால் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டை கொட்டுவார்கள். பிறகு முன்னால் ஒரு தட்டம் வைப்பார்கள்: புத்தகம், பேனை, நகை, காசு. குழந்தை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம். மூத்திரம் வருவதையே முன்கூட்டி அறியாத ஏழு மாதப் பிள்ளை, தன் உத்தியோகத்தை மட்டும் அறிந்துவிடும் என்று வேலணை ஊர் நம்பியது.

சீதேவியின் கணவர் தம்பிராசா ரோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். நாடா பிடித்து அளக்காமல் ஒரு மதகைக்கூட ஏற்றுக்கொள்ளமாட்டார். தட்டத்தை மட்டும் அளக்காமலே நம்பினார். 1957இல் மூத்தவன் நீலகண்டனுக்குப் பல் வந்தபோது, ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் நெஞ்சு பார்க்கும் குழாயை இரவல் வாங்கி வந்து தட்டத்தில் வைத்தார். பிள்ளை குழாயைப் பிடித்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு டொக்டர். ஆறு வயதில் அவன் எலும்புகளின் பெயர் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தான். முழங்கை எங்கே என்று கேட்டால் யோசித்தான்.

1960இல் மகள் நாகபூஷணிக்குப் பல் வந்தது. பெட்டைக்கு என்னத்துக்குக் குழாய் என்று சொல்லி, தம்பிராசாவின் தமக்கை செல்லாச்சி தட்டத்தில் ஓர் அகப்பையை வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை அகப்பையைத் தூக்கியது. சிரிப்பு அன்றே முடிந்தது, தீர்ப்பு முடியவில்லை.

அவளுக்கு ஒருவரும் எதையும் புகட்டவில்லை. நாலு வயதில், கடலுக்குக் குறுக்கே நீண்ட தாம்போதியில் போகும் பஸ் சிறுத்துக்கொண்டே போகிறது, உள்ளே இருக்கும் அப்பா நசிந்துவிடுவார் என்று அழுதாள். ஏழு வயதில், பஸ் சிறுக்கவில்லை, தூரம்தான் கூடுகிறது என்று தானே கண்டுபிடித்துச் சொன்னாள். சீதேவி இரண்டையும் கவனித்து வைத்திருந்தார்.

1972இல் நாகபூஷணிக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. வரும் தை மாதத்துக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். அகப்பை எடுத்த பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்டுவிட்டுத் தம்பிராசா சேரும் படிவத்தை ஒப்பமிடாமல் அலுமாரிக்குள் வைத்தார்.

ஆனால் சீதேவி இரண்டு வருடமாக வேலையில் இறங்கியிருந்தார். கொழுக்கட்டை அவிக்க எந்தப் பல்லுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன இடமெல்லாம் தட்டத்தை அடுக்கும் வேலையையும் அவர் கேட்டு வாங்கினார். முதல் மூன்று குழந்தைகள் கிட்ட இருந்த பொருளை எடுத்தன. அதன் பிறகு எல்லாப் பொருளையும் சம தூரத்தில் வளைவாக வைத்தார். அடுத்த எட்டில் ஒன்று நித்திரையாகிவிட்டது. ஏழும், தாயின் பார்வை போன பொருளை எடுத்தன.

மார்கழியில் அயல்வீட்டு அன்னபூரணத்தின் மகனுக்குப் பல். தம்பிராசா வழக்கம்போல் இரவல் குழாயோடு வந்தார். சீதேவி, பிள்ளையின் பாட்டனான கிழவரின் மூக்குத்தூள் டப்பியை வாங்கித் தட்டத்தில் வைத்து, பிள்ளை இதைத்தான் எடுக்கும் என்று சபையில் சொன்னார். பிறகு அன்னபூரணத்தின் காதில் ஏதோ சொன்னார். அன்னபூரணம் டப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை டப்பியை எடுத்தது. தட்டத்தைத் திருப்பி வைத்தார்கள். மறுபடியும் டப்பி. தம்பிராசா தானே எழுந்து பொருட்களை மாற்றி வைத்தார். மூன்றாம் முறையும் டப்பிதான். உங்கள் பேரனுக்கு மூக்குத்தூள் வியாபாரம் என்று யாரோ கிழவரிடம் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும், பிள்ளை தாயின் கண் போன பொருளைத்தான் எடுக்கும் என்று சீதேவி சொல்ல, தம்பிராசா கதிரையில் இருந்தார்.

"அண்டைக்கு எங்கடை பெட்டை அகப்பையை எடுக்கேக்க நீர் எங்கை பாத்தனீர்?"

"அகப்பையைத்தான். உங்கடை அக்கா கொண்டந்து வைச்ச ஆத்திரத்திலை அதையே முறைச்சுக்கொண்டிருந்தனான்."

"மூத்தவன் குழாயை எடுக்கேக்க?"

"அவன் உங்கடை முகத்தைப் பாத்தவன். நீங்கள் குழாயைப் பாத்தனீங்கள்."

தம்பிராசா கணக்குப் போடத் தெரிந்தவர். அகப்பை பொய் என்றால் குழாயும் பொய். நீலகண்டனுக்கு அப்போது பதினைந்து வயது. வெட்டப் படுக்கவைத்த தவளையைக் கண்டு வகுப்பை விட்டு ஓடியிருந்தான். அதை மறக்க அவருக்குத் தட்டம் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் படிவத்தோடு வந்தார்.

"யோசிச்சுப் பாத்தனான். தட்டம் ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் பலிக்கும். பெட்டையளுக்கு அந்த வயசிலை புத்தி இல்லை. அகப்பையைக் கணக்கிலை எடுக்கேலாது. போய்ப் படிக்கட்டும்."

பதினொரு குழந்தைகளில் ஐந்து பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இம்மியும் வித்தியாசம் இருக்கவில்லை. அது சீதேவிக்கு வீடு வீடாக, பெயர் பெயராகத் தெரியும். சொன்னால் மகனைக் குழாயிலிருந்து விடுவிக்கலாம். ஆனால் குழாயை விட மனமில்லாமல் அவர் அகப்பையையும் மெய்யாக்கினால், மகளின் படிவம் திரும்ப அலுமாரிக்குள் போய்விடும்.

"ஓம்," என்றார். "கீழை ஒப்பம் வையுங்கோ."

அவர் வைத்தார். மை காயும்வரை சீதேவி படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மகனிருந்த அறைப்பக்கம் திரும்பாமல் நின்றார்.